அறுவைப் புண்ணும் அருமருந்தும்

(ஹுத்தான் மெலிந்தாங்கில் நடைபெற்ற நம் அறவாரியத்தின் ஆண்டு விழாவில், ஆலய நிர்வாகக் குழு உறுப்பினரும் பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியருமான அன்பர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் சமயச் சொற்பொழிவு கேட்டுப் பழகிய உங்கள் முன், இன்று ரணம், சீழ், மாத்திரை என்று பேச வந்திருக்கிறேன். கோயில் மேடையில் இது என்ன பேச்சு என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். புள்ளிருக்கு வேளூரில் எழுந்தருளியிருக்கும் எம்பெருமானை நாம் வைத்தியநாதன் என்றே அழைக்கிறோம். நோய் தீர்ப்பதும் தெய்வத் திருப்பணியே என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

நம் அறவாரியத்தின் மருத்துவ உதவி நிதிக்கு வரும் விண்ணப்பங்களைப் பார்வையிடும் பொறுப்பு சில ஆண்டுகளாக எனக்கு இருந்து வருகிறது. அவற்றில் ஒருவகை விண்ணப்பம் என் மனத்தை மிகவும் வருத்துகிறது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருக்கும். நோயாளி சிரித்த முகத்துடன் வீடு திரும்பியிருப்பார். ஒரு வாரம், பத்து நாள் கழித்துத் தையல் போட்ட இடம் சிவந்து, வீங்கி, சீழ் பிடித்து, மறுபடியும் ஆஸ்பத்திரி வாசலை மிதித்திருப்பார். முதல் ஆபரேஷனுக்கு ஆன செலவைவிட இந்த இரண்டாவது பயணத்தில் குடும்பம் படும் பாடு அதிகம். இத்தகைய துன்பத்தில் ஒரு பகுதியையாவது நம்மால் தடுக்க இயலும். அது பற்றியே இவ்வுரை.

திருவள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதியில், மருத்துவம் என்பது நான்கு கூறுகளை உடையது என்கிறார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து பார்த்துக்கொள்பவர் ஆகியவையே அந்நான்கு. நால்வகையில் ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றும் வீணாகும். அந்த நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: மருந்து

ரணத்தைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும் என்பது நம் முன்னோர் அறியாத செய்தியன்று. சுசுருதர் தம் நூலில் குங்குலியம், வெண்கடுகு, வேப்பிலை முதலியவற்றைப் புகைத்து நோயாளி இருக்கும் இடத்துக்குத் தூபமிடச் சொல்லியிருக்கிறார். ஆயினும் கண்ணுக்குத் தெரியாத கிருமியே சீழுக்குக் காரணம் என்பது பின்னாளில்தான் நிலைநாட்டப்பட்டது. கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர் 1865ஆம் ஆண்டு முதல் கார்பாலிக் அமிலத்தால் ரணங்களைச் சுத்தம் செய்து, 1867இல் அதன் பலனை உலகுக்கு வெளியிட்டார். அதற்கு முன்பு ஆபரேஷனில் தப்பியவர்கள் சீழில் மாண்டது சர்வ சாதாரணம்.

உடம்புக்குள் சென்று சீழ்க் கிருமியைத் தாக்கும் மருந்துகள் 1930களில் வந்தன. தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்களுக்கு எம். அண்ட் பி. மாத்திரை நினைவிருக்கும். டிரஸர் ஐயா கையால் அந்த மாத்திரை வாங்கினால் காய்ச்சல் ஓடிவிடும் என்று என் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சல்பா வகையைச் சேர்ந்தது. அதனினும் ஆற்றல் மிக்க பெனிசிலினை 1928இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டறிந்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி, செயின் ஆகியோரின் குழு அதனை மருந்தாக வடித்தெடுத்தது.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தியைச் சொல்ல வேண்டும். ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்கு முகத்தில் ஏற்பட்ட கிருமித் தொற்று பரவி, ஒரு கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. 1941ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் அவருக்குப் பெனிசிலின் ஏற்றினார்கள். சில நாட்களிலேயே காய்ச்சல் இறங்கியது, பசி எடுத்தது. ஆனால் கையிருப்பு தீர்ந்துவிட்டது. அவருடைய சிறுநீரிலிருந்தே மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடியும் ஏற்றினார்கள். அதுவும் போதவில்லை. கிருமி மீண்டும் தலைதூக்கியது. மார்ச் 15ஆம் நாள் அவர் உயிர் துறந்தார்.

அன்று மருந்து இல்லாமல் ஓர் உயிர் போயிற்று. ஒரு துளிக்காகச் சிறுநீரை வடிகட்டினார்கள். இன்றோ நம் வீட்டு அலமாரியிலும் கைப்பையிலும் பாதி தின்று மீந்த மாத்திரைப் பட்டைகள் கிடக்கின்றன. இந்த முரண்பாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: மருத்துவர்

ஆபரேஷன் முடிந்தவுடன், “டாக்டர் ஆண்டிபயாடிக் மாத்திரை ஒன்றும் கொடுக்கவில்லையே, அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் இளக்காரமா?” என்று கேட்பவர்கள் நம்மில் பலர். காரணம் தெரிந்தால் இந்தக் கேள்வி எழாது.

பல ஆபரேஷன்களுக்கு, கத்தி வைப்பதற்குச் சற்று முன்பே ஊசி வழியாக ஆண்டிபயாடிக் கொடுத்துவிடுகிறார்கள். நாம் மயக்கத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் வேளையில் அது நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை. தோல் அறுபடும் கணத்தில் இரத்தத்திலும் சதையிலும் மருந்து நிறைந்திருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். திருடன் உள்ளே நுழையும் முன்பே காவலாளி வாசலில் நிற்க வேண்டும் அல்லவா?

அமெரிக்காவில் 2,847 நோயாளிகளைக் கொண்டு செய்யப்பட்ட ஓர் ஆய்வு 1992இல் வெளிவந்தது. அறுவைக்கு முந்திய 2 மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 0.6 விழுக்காட்டினருக்கே ரணத்தில் கிருமி பிடித்தது. வெகு முன்னதாகவே பெற்றவர்களில் 3.8 விழுக்காடு, அறுவை தொடங்கி 3 மணி நேரத்துக்கு மேல் ஆன பின் பெற்றவர்களில் 3.3 விழுக்காடு. மருந்து ஒன்றே, நேரம்தான் வேறு. ஆபரேஷன் முடிந்த பிறகு தடுப்புக்காக மேலும் மேலும் ஆண்டிபயாடிக் கொடுத்துக்கொண்டிருப்பதால் கூடுதல் பலனில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. ஆகவே டாக்டர் மாத்திரை எழுதவில்லை என்றால், அது பெரும்பாலும் அலட்சியமன்று, அறிவு.

சரி, இவ்வளவுக்கும் பிறகு கிருமி பிடித்துவிட்டால்? அப்பொழுது மருத்துவர் முதலில் செய்வது, தையலைப் பிரித்து, சீழை வெளியேற்றி, ரணத்தைக் கழுவுவது. இதைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். ஆண்டிபயாடிக் இரத்தத்தின் வழியே பயணம் செய்வது. சீழ் கட்டிய குழியிலும் செத்த சதையிலும் இரத்த ஓட்டம் கிடையாது. எத்தனை மாத்திரை விழுங்கினாலும் உள்ளே அது போதிய அளவு சென்று சேராது. கழிவுநீர் தேங்கிய கால்வாயில் அடைப்பை எடுக்காமல் மேலே மருந்து தெளித்தால் என்ன பயன்? அடைப்பை எடுப்பதே முதல் வேலை. சிறிய தொற்றாக இருந்தால் அதுவே போதுமானதாகவும் இருக்கும். காய்ச்சல் இருந்தாலோ, சிவப்பு சுற்றிலும் பரவினாலோ ஆண்டிபயாடிக்கும் சேர்த்துத் தருவார்கள்.

எந்த ஆண்டிபயாடிக் என்பதையும் குத்துமதிப்பாக முடிவு செய்வதில்லை. சீழில் சிறிது எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஒரு தட்டில் அக்கிருமியை வளர்த்து, வெவ்வேறு மருந்து தோய்த்த சிறு காகித வட்டங்களை அதன்மேல் வைக்கிறார்கள். எந்த வட்டத்தைச் சுற்றிக் கிருமி வளராமல் வெளுத்துக் கிடக்கிறதோ, அந்த மருந்து வேலை செய்யும். வட்டத்தை ஒட்டியே கிருமி செழித்து வளர்ந்தால், அந்த மருந்தால் பயனில்லை. இதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் ஒரு மருந்தைத் தொடங்கி, முடிவு வந்ததும் வேறு மருந்துக்கு மாற்றினால், “முதலில் தப்பாகக் கொடுத்துவிட்டார்கள்” என்று பேசுவது பொருந்தாது.

மூன்றாவது: நோயாளி

நமக்கு அறிமுகமான ஓர் அம்மையாரின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். இளமையில் பால்மரம் சீவியவர். பின்னர் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர். நீரிழிவு உண்டு. வயிற்றில் ஓர் ஆபரேஷன் செய்துகொண்டு வீடு திரும்பினார். ஆறாம் நாள் தையல் ஓரம் சிவந்து வலித்தது. அடுத்த வீட்டுக்காரம்மா தம் மகனுக்குத் தொண்டைப் புண்ணுக்காகக் கொடுத்து மீந்திருந்த ஏழெட்டுக் கேப்சூல்களை, “இதைப் போட்டுக்கோ அக்கா, நல்ல மருந்து” என்று கொண்டுவந்து கொடுத்தார். காய்ச்சல் சற்றுத் தணிந்தது. குணமாகிவிட்டது என்று நம்பி, குறித்த நாளில் கிளினிக்குக்குப் போகாமல் இருந்துவிட்டார். உள்ளே சீழ் கட்டி ஆழமாக இறங்கியது. கடைசியில் ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டாவது ஆபரேஷன், ஒரு மாதத்துக்கு மேல் வார்டு வாசம். இதே மண்டபத்தில் நடந்த மகளின் திருமணத்தில் தாய் அமர வேண்டிய நாற்காலி வெறுமையாக இருந்தது. மணமக்கள் மாலையும் கழுத்துமாக ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் அவரிடம் ஆசி வாங்கினார்கள். இறைவன் அருளால் இன்று நலமாக இருக்கிறார்.

இதில் யாரைக் குறை சொல்வது? அடுத்த வீட்டுக்காரம்மா கொடுத்தது அன்பினால். லயத்து வாழ்க்கை நமக்குக் கற்றுத் தந்த பண்பு அது. ஒரு வீட்டில் அரிசி இல்லை என்றால் மறுவீட்டுப் படி அங்கே போகும். பிள்ளைப்பேறு என்றால் பத்து வீட்டுப் பெண்கள் கூடுவார்கள். பகிர்ந்து வாழ்ந்ததால்தான் நாம் பிழைத்தோம். ஆனால் அரிசியைப் போல் பகிரக் கூடாத ஒரே பொருள் மருந்து. தொண்டைக்குக் கொடுக்கும் அமோக்சிசிலின் போன்ற மருந்தைத் தோல் ரணத்தில் அடிக்கடி காணும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி பெரும்பாலும் சிதைத்துவிடும். அரைகுறை மருந்து வெளி அறிகுறியை மறைக்கும். உள்ளே நெருப்பு கனன்றுகொண்டே இருக்கும். சீழைப் பரிசோதித்தாலும் கிருமியைக் கண்டுபிடிப்பது கடினமாகிவிடும். சிலருக்குப் பெனிசிலின் வகை ஒவ்வாமல் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அந்த அம்மையாருக்கு நீரிழிவு இருந்தது என்றேன். நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரிடையே அது ஏறத்தாழ 31 விழுக்காடு. எல்லா இனத்தவரிலும் நாமே முதலிடம். பெருமைப்படத்தக்க முதலிடமன்று. இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது கிருமியை விழுங்க வேண்டிய வெள்ளணுக்கள் சோர்ந்துபோகின்றன. ரணம் ஆறத் தாமதமாகிறது. சர்க்கரை கட்டுப்படும் வரை ஆபரேஷனை ஒத்திவைக்கிறார்கள் என்றால், அது நம் நன்மைக்கே.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீரிழிவையும் மருந்து ஒவ்வாமையையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முன் நன்றாகக் குளியுங்கள். ஆனால் வீட்டிலேயே பிளேடால் உரோமம் மழித்துக்கொண்டு போகாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். புகைபிடிப்பவர்கள் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிடுவது நல்லது. டாக்டர் ஆண்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால், சொன்ன நேரத்தில், சொன்ன நாள் வரை உட்கொள்ளுங்கள். நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், நீங்களாக நீட்டவும் வேண்டாம். விரதம் என்று வேளை தவற விடாதீர்கள். விரத நாட்களில் எப்படிச் சாப்பிடுவது என்று டாக்டரையோ மருந்தாளரையோ கேளுங்கள். ரணம் முழுதும் ஆறும் முன்பே நேர்த்திக்கடன் என்று காவடி தூக்குவதோ அலகு குத்திக்கொள்வதோ வேண்டாம். அடுத்த தைப்பூசத்துக்கு முருகன் காத்திருப்பான்.

நான்காவது: உடனிருப்பவர்

அறுவை ரணத்தின் தொற்று பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகே தலைகாட்டும். ஆபரேஷன் ஆன 30 நாள் வரை விழிப்பாக இருக்க வேண்டும். செயற்கை மூட்டு போன்ற பொருள் உள்ளே வைத்திருந்தால் 90 நாள் வரை. ஆகவே அங்கே மருத்துவரின் கண் நீங்கள்தாம்.

நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி கூடுகிறதா? சிவப்பு அகலமாகிறதா? தொட்டால் சுடுகிறதா? சீழோ துர்நாற்றமோ உண்டா? தையல் விட்டிருக்கிறதா? காய்ச்சலும் நடுக்கமும் வருகின்றனவா? இவற்றுள் எது தெரிந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இராமல், அன்றே கிளினிக்குக்கோ தெலுக் இந்தான் ஆஸ்பத்திரிக்கோ அழைத்துச் செல்லுங்கள்.

கட்டைத் தொடும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ரணத்தின்மேல் மஞ்சள், காப்பித்தூள், பற்பசை, எண்ணெய் எதையும் அப்பாதீர்கள். திருநீறு நம் நெற்றிக்கு உரியது. பிரார்த்தித்து நெற்றியில் இடுங்கள், ரணத்தில் தூவ வேண்டாம். பார்க்க வருபவர்கள் கட்டிலின்மேல் உட்காருவதைத் தடுங்கள்.

உணவு பற்றியும் ஒரு சொல். கரப்பான் பண்டம் என்றும், சீழ் வைக்கும் என்றும் முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்தி, வெறும் ரசச் சோறு கொடுத்து நோயாளியை வாட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. புதிய சதை வளரப் புரதம் வேண்டும். டாக்டர் தடை சொல்லாவிட்டால் முட்டை, மீன் தாராளமாகக் கொடுங்கள். சைவ உணவினருக்குப் பருப்பு, பயறு, பால், தவ்ஹூ, தெம்பே இருக்கவே இருக்கின்றன.

பொதுச்சொத்து

அன்பர்களே, இதுவரை சொன்னது ஒரு நோயாளியைப் பற்றியது. இனிச் சொல்வது நம் எல்லாரையும் பற்றியது.

ஆண்டிபயாடிக் மற்ற மருந்துகளைப் போன்றதன்று. நான் தலைவலி மாத்திரையைத் தேவையின்றி விழுங்கினால் கேடு எனக்கு மட்டுமே. ஆண்டிபயாடிக்கைத் தவறாக உண்டால், என் உடம்பில் பிழைத்த வலிய கிருமி உங்கள் வீட்டுக்கும் வரும். 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, போதாத அளவில் மருந்து உட்கொண்டால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று ஃபிளெமிங் எச்சரித்தார். அவ்வாறே நடந்தது. பெனிசிலினை வென்ற கிருமிக்காக மெத்திசிலின் என்ற மருந்து வந்த மிகக் குறுகிய காலத்தில், 1961இல் அதையும் வென்ற கிருமி இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது.

இது எங்கோ நடக்கும் செய்தியன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்டு 2010இல் வெளிவந்த ஆய்வு உலகையே உலுக்கியது. மிகக் கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனம் என்ற மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 என்ற நொதியை உடைய கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் இருந்ததை அது காட்டியது. அதனையடுத்து 2012இல் இந்திய மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி, ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன. 2014 முதல் அங்கே பல ஆண்டிபயாடிக்குகளின் விற்பனையைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்ற விதி நடப்புக்கு வந்தது. உலகெங்கும் மருந்துக்கு அடங்காத கிருமிகள் நேரடிக் காரணமாகி 2019ஆம் ஆண்டில் மட்டும் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

நம்மவர் பலர் தமிழகத்துக்குத் தல யாத்திரை போகிறோம். திரும்பும்போது விபூதி, குங்குமத்தோடு மருந்துக் கடையில் வாங்கிய ஆண்டிபயாடிக் பட்டைகளும் பெட்டியில் வருகின்றன. மலேசியாவில் 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின்கீழ் டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து அது. பிரசாதம் போல் உற்றார்க்குப் பங்கிட வேண்டிய பொருளன்று.

கோயில் சொத்தைத் தொட நாம் அஞ்சுகிறோம். சிவன் சொத்து குல நாசம் என்று பெரியோர் சொல்லி வைத்தார்கள். ஏன்? அது ஒருவர் அனுபவித்துத் தீர்ப்பதற்கன்று; வரும் தலைமுறைக்கும் விளக்கெரிய வேண்டும் என்பதற்காக. ஆண்டிபயாடிக்கும் அத்தகைய அறக்கொடையே. நமக்கு முன் வாழ்ந்த அறிவாளிகள் மனித குலத்துக்கு எழுதிவைத்த சொத்து. நாம் அதன் அறங்காவலர்கள். நம் பேரப் பிள்ளைகளுக்கு ஓர் ஆபரேஷன் நேரும் நாளில் அந்த மருந்து வேலை செய்ய வேண்டுமானால், இன்று நாம் சிக்கனமாகச் செலவிட வேண்டும்.

நன்கொடையாளர்களுக்கு விண்ணப்பம்

இறுதியாக, கொடை வள்ளல்களிடம் நான்கு விண்ணப்பங்கள் வைக்கிறேன்.

ஒன்று, தோட்டங்களிலும் புறம்போக்குகளிலும் தனித்து வாழும் முதியோர், கட்டு மாற்றப் போக வாகனமின்றி நாள் தவற விடுகிறார்கள். அந்தப் போக்குவரத்துச் செலவை நம் நிதி ஏற்க வேண்டும். ஆபத்து முற்றிய பின் கொடுக்கும் பெருந்தொகையைவிட, உரிய நாளில் கொடுக்கும் வண்டிச் செலவு பெரிய தருமம்.

இரண்டு, வெள்ளிக்கிழமை பூசைக்கு வருவோருக்கு மண்டபத்தில் சர்க்கரை அளவு பார்க்க ஒரு கருவியும், அதற்கான பட்டைகளும், பயிற்சி பெற்ற ஒருவரும் வேண்டும்.

மூன்று, நாம் நடத்தும் இலவச மருத்துவ முகாம்களில் டாக்டர் பார்த்து எழுதாமல் ஓர் ஆண்டிபயாடிக் மாத்திரைகூடக் கை மாறக் கூடாது. நன்கொடையாக மாத்திரைப் பெட்டிகளை அனுப்ப நினைக்கும் அன்பர்கள் அதனைப் பணமாக அளித்தால் நலம்.

நான்கு, உங்கள் வீட்டில் மீந்து கிடக்கும் மருந்துகளை அரசு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். அங்கே பெற்றுக்கொள்வார்கள். இதற்குக் காசு வேண்டாம், மனம் போதும்.

நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருப்பவர் என்னும் நான்கும் ஒழுங்காக அமைந்தால் ரணம் ஆறும். அந்நான்கையும் ஒன்றுசேர்த்து வைக்கும் பணியில் நம் அறவாரியத்துக்கும் ஓர் இடம் உண்டு. அதனை நிறைவாகச் செய்ய எல்லாம் வல்ல வைத்தியநாதப் பெருமானும் அன்னை தையல்நாயகியும் துணை நிற்பார்களாக என்று வேண்டி அமர்கிறேன்.

திருச்சிற்றம்பலம்.